கப்பல் ஓடாத நாள்

அந்தக் குளிர்காலம் முழுவதும் கிழவரை நான் என் தம்பிக்காகத்தான் கவனித்தேன். இருமினால் எழும்பிப் போனேன். சூப்பில் உப்பைக் குறைத்தேன். காலையில் பல்கனியில் வெயில் விழுந்தவுடன் சில்லுக் கதிரையைத் தள்ளிக்கொண்டு போய் அவரை அங்கே விட்டேன். டாக்டர் வந்து, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, இவர் விமானத்தில் ஏறலாம் என்று சொன்னால்தான் பயணம். பயணம் நடந்தால்தான் நான் தம்பியைப் பார்ப்பேன். எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

கிழவர் இத்தாலியில், பலெர்மோ நகரத்துப் பல்லரோ சந்தையில் மீன் விற்றுப் பெரிய ஆளானவர். இரண்டு கடை, பிறகு கால்சாப் பகுதியில் கடல் தெரிகிற வீடு, எல்லாம் கூவிக் கூவி விற்றதில் வந்தது. நான் அவரிடம் வேலைக்குப் போனபோது கால் போய்விட்டது, நினைவும் போய்க்கொண்டிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. தன் பாஷையில் என்னை மகன் என்றுதான் கூப்பிடுவார், எங்கள் ஊர் மோனை மாதிரி. அவருடைய மகளைத்தான் நான் சின்யோரா என்று கூப்பிடுவேன். அவதான் எனக்குச் சம்பளம் தருகிறவ, என்னுடைய பெர்மெஸ்ஸோவுக்கு, இங்கே தங்குகிற அனுமதிக்கு, கையெழுத்து வைக்கிறவ. கிழவருக்கு ஒரு மகனும் இருந்தான். அவன் பாலித் தீவில் சனூர் என்ற ஊரில் ஐஸ்கிறீம் கடை வைத்திருந்தான்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சின்யோரா சொன்னா: "என்ரை தம்பி கடையை விட்டு வரமாட்டான். பப்பாவும் எத்தினை நாளைக்கு இருப்பாரோ. நாங்கள்தான் போகவேணும். நீயும் வரவேணும், என்னாலை தனிய ஏலாது."

"எங்கை சின்யோரா?"

"பாலி. இந்தோனேசியா."

நான் திரும்பித் தண்ணீர்க் குழாயைத் திறந்து, கழுவின கோப்பையையே திரும்பக் கழுவினேன். முகத்தை அவ பார்க்கக்கூடாது என்று நினைத்தேன்.

என் தம்பி இந்தோனேசியாவில் இருந்தான். இருந்தான் என்று சொல்வது சரியில்லை. நிறுத்தி வைத்திருந்தார்கள். மன்னாரில் இருந்து அவுஸ்திரேலியாவுக்கென்று படகு ஏறினவன். நடுக்கடலில் எஞ்சின் நின்று, அந்த நாட்டுக் கடற்படை இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்தது. அன்றிலிருந்து கிழக்கு ஜாவாவில் ஒரு ஊரில், பழைய கட்டடம் ஒன்றில், தன்னைப் போன்ற ஆட்களோடு கிடக்கிறான். வேலை செய்யக்கூடாது. அந்த ஊரை விட்டுப் போகக்கூடாது. காலையிலும் பின்னேரத்திலும் ஆள் வந்து எண்ணிக்கொண்டு போவான். எந்த நாடும் அவனை எடுக்கவில்லை. போன வருஷம் கேட்டால் அடுத்த வருஷம் என்றார்கள். இப்போது அதுவும் சொல்வதில்லை.

நான் பலெர்மோவுக்கு வரும்போது அவனுக்கு மீசை அரும்பவில்லை. எனக்குப் பிறகு பிறந்தவர்களில் மிஞ்சினது அவன் ஒருவன்தான். நாங்கள் இருவரும் கலியாணம் கட்டவில்லை. எனக்குக் கூச்சம், அவனுக்கு வசதி இல்லை. அம்மாவைப் புதைத்தபோது இருவரும் போனில்தான் பார்த்தோம், அவன் அங்கே, நான் இங்கே.

அந்தப் பயணப் பேச்சு வருவதற்குக் கொஞ்சம் முன்னம், அவனோடு இருக்கிற வவுனியாப் பொடியன் எனக்குப் போன் எடுத்திருந்தான். "அண்ணை, உங்கட தம்பி சாப்பிடுறேல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். போன மாசம் எங்களிலை ஒராளும் இப்பிடித்தான் படுத்திருந்தவர். பிறகு..." அவன் முடிக்கவில்லை. "ஒருக்கா வந்து பாருங்கோ அண்ணை" என்றான். வந்து பார் என்று சொல்வதற்கு அவனுக்கு நான் யார் என்று தெரியவில்லை. அடுத்தவர் வீட்டில் மலம் துடைக்கிறவன் நினைத்த இடத்துக்குப் போகலாமா?

இப்போது போகலாம் என்று வந்தது. அன்று பின்னேரம் மொண்டே பெல்லெக்ரினோ மலைக்கு நடந்து ஏறி, ஊர்க் காவல் புனிதை சாந்தா ரோசாலியாவின் குகையில் மெழுகுதிரி கொளுத்தினேன். எங்கள் சனம் வேதக்காரரோ சைவக்காரரோ, நெஞ்சு பாரமானால் ஏறுகிற மலை அது. இறங்கி வந்து தம்பிக்கு எடுத்தேன்.

அவன் எழும்பி இருக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அண்ணா, பகிடி விடாதையுங்கோ" என்றான்.

"பகிடி இல்லையடா. வாறன்."

"நான் மெலிஞ்சு போனன். நீங்கள் அடையாளம் காணமாட்டியள்."

"காதைக் காட்டு, கண்டுபிடிப்பன். அந்த முறக்காது வேறை ஆருக்கு இருக்கு?"

"உங்கட மொட்டையைச் சொல்லுங்கோ. வீடியோவிலை லைட் மாதிரி அடிக்குது."

அவன் சிரித்த சத்தத்தைக் கேட்டு எத்தனை காலமோ. பிறகு வவுனியாப் பொடியன் சொன்னான், அன்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டானாம்.

சின்யோராவுக்கு நான் இதைச் சொல்லவில்லை. வேலைக்காரனுக்குச் சொந்தக் கதை கூடினால் வீட்டுக்காரருக்கு நித்திரை குறையும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அங்கே தம்பி இருக்கிறான், படகில் போனவன், பொலிசு எண்ணுகிறவன் என்று தெரிந்தால், இவனை ஏன் கூட்டிக்கொண்டு போவான் என்று நினைக்க மாட்டாவா? எனக்குப் பதிலாக வேறு ஒருவனைப் பிடிப்பது பலெர்மோவில் ஒரு போன் வேலை.

டாக்டர் பறக்கலாம் என்றார். நாங்கள் பறந்தோம்.

சனூர் அவசரம் இல்லாத ஊர். கடற்கரை நீளத்துக்கும் சில்லுக் கதிரை தள்ளக்கூடிய ஒரு ஒழுங்கை. ஒரு பக்கம் மரங்கள், மறு பக்கம் அலை இல்லாத கடல். தூரத்தில் பவளப் பாறையில் அலை உடைந்துவிடும், கரைக்கு வருவது குளத்துத் தண்ணீர் போலத்தான். தோணிகளுக்கு இரண்டு பக்கமும் மூங்கில் கால், முன்னுக்குக் கண்ணும் வாயும் கீறியிருக்கும். விடியப்புறம் கடலுக்குள்ளிருந்து சூரியன் எழும்பும்போது வெள்ளைக்காரக் கிழவன் கிழவிகள் முழங்கால் தண்ணீரில் நிற்பார்கள். பலெர்மோவின் மொண்டெல்லோக் கடற்கரையில் கோடையில் கால் வைக்க இடம் இருக்காது, ஒருவர் மேல் ஒருவர் கத்துவார்கள். இங்கே கத்துகிற ஆள் எங்கள் கிழவர் ஒருவர்தான்.

காலையில் பெண்கள் தென்னோலையில் சின்னத் தட்டம் பின்னி, பூவும் கொஞ்சம் சோறும் வைத்து, ஊதுபத்தி கொளுத்திக் கடை வாசலில், கோயில் மதிலில், மோட்டார் சைக்கிள் இருக்கையில்கூட வைப்பார்கள். மரத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட சீலை கட்டியிருக்கும். முதல் நாள் நான் கதிரையைத் தள்ளி ஒரு தட்டத்தின் மேல் சில்லை ஏற்றிவிட்டேன். பயந்து குனிந்து பொறுக்கினேன். கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டு, பரவாயில்லை, சாமி சாப்பிட்டு முடிந்தது என்று கையால் காட்டினா. அதற்குப் பிறகு எந்தத் தட்டத்தையும் நான் மிதிக்கவில்லை. வேதக்காரன் என்றாலும், ஒருவர் வைத்ததை மிதித்துவிட்டு என் காரியத்தை எப்படிக் கேட்பது?

கிழவர் மகனுடைய கடையில் ஐஸ்கிறீமை நக்கிப் பார்த்து, "இது பல்லு மினுக்கிற பேஸ்ட்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வார். மகன் முகம் சிவப்பான். பிறகு இன்னொரு கரண்டி கேட்பார்.

பலெர்மோவில் எனக்கு வியாழக்கிழமைப் பின்னேரமும் ஞாயிறும் விடுமுறை. இங்கே அந்தக் கணக்கு இல்லை. சின்யோராவுக்குத் தனியே தூக்கி இருத்த ஏலாது. ஒரு வாரம் பொறுத்தேன், கேட்க வாய் வரவில்லை. தம்பி ஒவ்வொரு நாளும், "எப்ப அண்ணா?" என்றான். "கேக்கிறன்" என்றேன். கடைசியில் அவவே சொன்னா. "அடுத்த கிழமை, வெளிக்கிட முதல் நாள், கடை பூட்டு. தம்பி வீட்டிலை நிப்பான், நானும் நிப்பன். பப்பாவை நாங்கள் பாக்கிறம். அண்டைக்கு முழு நாளும் நீ ஓய்வெடு. உனக்குத்தான்."

கடை ஏன் பூட்டு என்று நான் கேட்கவில்லை. முழு நாளும் எனக்கு என்று கேட்ட பிறகு என் காதில் வேறொன்றும் விழவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தம்பிக்கு எடுத்தேன்.

"பொறுங்கோ அண்ணா, கலண்டரைப் பாக்கிறன்" என்று ஓடினான். திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "சிவப்பு! அண்ணா, அண்டைக்குச் சிவப்பு! இந்த நாடு முழுக்க லீவு. எங்களை எண்ண வாறவனும் வரமாட்டான். முதல் நாள் பின்னேரம் எண்ணி முடிய வெளிக்கிட்டா விடிய துறைமுகம். கப்பல் ஒரு மணித்தியாலம்தானாம். பிறகு பஸ். மத்தியானம் உங்களிட்டை. இருட்ட முதல் திரும்பினா அடுத்த நாள் காலமை நான் பாயிலை."

"என்ன பெருநாள் அது?"

"பாலிச் சனத்தின்ரை வருஷப்பிறப்பாம். எங்களுக்கு என்ன? லீவு லீவுதான்."

மற்றவர்களுடைய பெருநாளை வைத்துத்தான் நாங்கள் இருவரும் இவ்வளவு காலமும் வாழ்ந்தது. அவர்கள் வீட்டில் நின்றால் எனக்கு விடுமுறை, அவர்கள் வேலைக்கு வராவிட்டால் அவனுக்கு விடுமுறை. அந்த நாளில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நாங்கள் ஒருநாளும் யோசித்தவர்கள் இல்லை. என்னுடைய நாளும் அவனுடைய நாளும் ஒன்றாய் வந்ததைக் கேட்டு நான் சாந்தா ரோசாலியாவுக்கு நன்றி சொன்னேன்.

இடமும் பார்த்து வைத்தேன். ஒழுங்கை முடிகிற பக்கம், மரத்தின் கீழே பலகையால் அடித்த ஒரு சாப்பாட்டுக் கடை. ஒரு மனுசி பொரித்த மீனும் சோறும் கொடுப்பா. இரண்டு பிளாஸ்டிக் கதிரை போட்ட மூலை மேசை ஒன்று இருந்தது. எந்தக் கதிரையில் அவனை இருத்துவது என்றும் நினைத்து வைத்திருந்தேன், கடலுக்கு முதுகு காட்டுகிற கதிரை. அவனுக்குக் கடலைப் பார்க்க விருப்பம் இல்லை. பலெர்மோவில் இருந்து கொண்டு வந்த மிளகாய்த்தூளைச் சின்னச் சரையாகச் சுற்றி வைத்தேன், அந்த மீனுக்குத் தூவிக் கொடுக்க. என்ன கதைப்பது என்று மட்டும் தெரியவில்லை. எனக்கு முன்னுக்கு இருந்து ஆட்களோடு கதைத்துப் பழக்கம் இல்லை. அவன் கதைப்பான் என்று நினைத்தேன்.

முதல் நாள் பின்னேரம் ஊர் முழுவதும் தெருவில் நின்றது. இளந்தாரிகள் மூங்கிலும் கடதாசியும் வைத்துக் கட்டின பேய்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொன்றும் வீட்டு உயரம். பல்லு வெளியே, நாக்கு நெஞ்சுவரை. சந்தியில் வந்தவுடன் பேயைச் சுழற்றுவார்கள், மேளமும் தாளமும் காதை அடைக்கும். சின்னப் பிள்ளைகள் சின்னப் பேய் தூக்கினார்கள். கிழவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இந்த மூக்கைப் பாரடா மோனை! என்ரை மச்சான்தான்!" என்று கையைத் தட்டினார்.

மகன் என் பக்கத்தில் நின்று சொன்னான்: "இண்டைக்குத்தான் இந்தச் சத்தம். நாளைக்கு விடிய தொடக்கம் அடுத்த நாள் விடியும்வரை ஒரு பூனையும் வெளியிலை வராது. வெளிச்சம் போடக்கூடாது, அடுப்பு எரியக்கூடாது, வாகனம் இல்லை, விமானம் இல்லை. பேய்கள் மேலை நிண்டு பாக்குமாம். தீவிலை ஒருத்தரும் இல்லை எண்டு நினைச்சுப் போயிடுமாம். வடிவான யோசினை, என்ன?"

"கப்பல்?" என்றேன்.

"என்ன கப்பல்?"

"ஜாவாவிலை இருந்து வாற கப்பல்."

"அதுவும் இல்லை. ஏன், தப்பி ஓடப் போறியோ?" என்று சிரித்தான்.

நான் கதிரையை வீட்டுப் பக்கம் திருப்பினேன். அந்த நேரம் தம்பி பஸ் ஏறியிருப்பான்.

கிழவரை வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்துவிட்டு எடுத்தேன். போன் நிறுத்தியிருந்தது. படகில் போன ஆட்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு, வழியில் போனை உயிரோடு வைக்க மாட்டார்கள். குரலில் சொல்லி அனுப்பினேன்: "தம்பி, நாளைக்கு இஞ்சை எல்லாம் பூட்டாம். கப்பலும் இல்லையாம். வராதை. திரும்பிப் போ." போனில் ஒற்றைக் குறி விழுந்தது. அவனுக்குப் போய்ச் சேரவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன், ஒற்றைக் குறிதான்.

விடிந்தபோது போனில் ஒன்றுமே இல்லை. தீவு முழுக்க இன்டர்நெட்டையும் நிறுத்தியிருந்தார்கள். மகன் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் வைஃபையையும் கழற்றிவிட்டார், அது அந்த ஊர் முறை. என்னுடையது இத்தாலிச் சிம், வைஃபை இல்லாவிட்டால் அது வெறும் கண்ணாடி.

அந்த அமைதியை நான் எங்கும் கேட்டதில்லை. மோட்டார் சைக்கிள் இல்லை, சமையல் சத்தம் இல்லை, கோழி கூவுவது மட்டும் கேட்டது. சின்யோரா திரையெல்லாம் இழுத்துவிட்டு, மெல்லிய குரலில், "எவ்வளவு ஆறுதல்! உனக்கும் நல்ல ஓய்வு, இல்லையோ?" என்றா. ஓம் சின்யோரா என்றேன். முழு நாளும் எனக்கு. படுத்தால் எழும்பினேன், இருந்தால் நடந்தேன்.

ஒரு எண்ணம் என்னை விடவில்லை. அவன் நேரத்தோடு வந்து, கடைசிக் கப்பலைப் பிடித்து, பஸ்ஸும் பிடித்து, ஒருவேளை இந்த ஒழுங்கையிலேயே எங்காவது நிற்கிறானோ? கேற்றுக்குப் போய்த் திறந்து தலையை நீட்டினேன். தெரு நீளத்துக்கும் ஒருவரும் இல்லை. நேற்றைய பேயின் கடதாசி நாக்கு ஒன்று வடிகாலில் கிடந்தது. கட்டம் போட்ட சீலையை இடுப்பில் சுற்றின காவல்காரர் ஒருவர் நடந்து வந்தார். என்னைக் கண்டு கோபப்படவில்லை. உள்ளே போ என்று கையால் மெல்லக் காட்டினார்.

நான் என் காதைத் தொட்டு, பெரிய காது என்று காட்டி, மெலிந்த ஆள் என்று விரலைக் காட்டி, தெருவைக் காட்டினேன். கண்டீர்களா என்று கேட்டேன். அவருக்கு என்ன விளங்கியிருக்கும்? சிரித்தார். வானத்தைக் காட்டினார், வாயில் விரலை வைத்தார். நான் உள்ளே வந்தேன். பிறகும் இரண்டு மூன்று தரம் போனேன். ஒவ்வொரு தரமும் அவர் எங்கிருந்தோ வந்தார், அதே மாதிரி சிரித்தார்.

பின்னேரம் கிழவருக்குப் பொறுக்கவில்லை. காலை முதல் மகளும் மகனும் உஷ் உஷ் என்று அவரை அடக்கி வைத்திருந்தார்கள். திரை இழுத்த அறை இருட்டத் தொடங்க, அவருக்குத் தான் சந்தையில் நிற்கிறேன், வாங்க ஒருவரும் வரவில்லை என்று பட்டுவிட்டது போல. திடீரென்று நெஞ்சை நிமிர்த்திக் கூவினார்: "உயிர் மீன்! உயிர் மீன்! வாங்கோ, இன்னும் துடிக்குது!"

அந்தச் சத்தம் மதிலைத் தாண்டி, தெருவைத் தாண்டிப் போனது. தீவு முழுவதும் கேட்டிருக்கும். சின்யோரா அவருடைய வாயைப் பொத்தப் போனா, அவர் கையைத் தட்டிவிட்டுப் பின்னும் கூவினார். மகன் கேற்றடிக்கு ஓடினான், காவல்காரர் வந்து நின்றார். நான் கிழவர் முன்னால் முழங்காலில் இருந்தேன்.

"ஐயா, ரெண்டு கிலோ தாங்கோ" என்று மெல்லச் சொன்னேன்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "எந்த மீன்?"

"கணவாய்."

"துப்பரவாக்கவோ?"

"ஓம், துப்பரவாக்கித் தாங்கோ."

அவர் மடியில் கையை அசைத்து அசைத்துத் துப்பரவாக்கினார். அதற்கு நெடுநேரம் எடுத்தது. பிறகு இல்லாத பொட்டலத்தை என் கையில் வைத்து, "ஆருக்கு மோனை சமைக்கிறாய்?" என்று கேட்டார். நான் பொட்டலத்தை வாங்கி மேசையில் வைத்தேன். சின்யோரா பக்கத்தில் நின்றா.

மறுநாள் விடிய இன்டர்நெட் வந்தது. போன் என் கையில் துள்ளியது. எல்லாம் தம்பியின் குரல், ஒன்றன்பின் ஒன்றாக.

"அண்ணா, வந்திட்டன். துறைமுகத்திலை நிக்கிறன். நீங்கள் சொன்னதை இப்பதான் கேட்டன். சனமெல்லாம் சொல்லுது கப்பல் ஓடாதாம். ஆனா அங்காலை உங்கட மலை தெரியுது அண்ணா. கிட்டத்தான். நீந்திடலாம் போல கிடக்கு."

"அண்ணா, எடுங்கோ."

"நாளைக்கு விடியத்தானாம் கப்பல். நிக்கவோ, போகவோ? நிண்டா நாளைக்கு எண்ண வாறவன் வந்திடுவான். ஆனா இவ்வளவு தூரம் வந்திட்டன். சொல்லுங்கோ அண்ணா, நீங்கள் சொல்லுறதைச் செய்யிறன்."

"போனையும் நிப்பாட்டினதோ அவையள், இல்லாட்டி நீங்களோ? உங்கட வேலைக்கு ஏதும் கரைச்சல் எண்டா எனக்கு விளங்கும். வராதை எண்டு சொன்னனீங்கள்தானே. பரவாயில்லை."

பிறகு கன நேரம் கழித்து இன்னொன்று. அதில் சனத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது, ஒருவர் அந்த நாட்டுப் பாஷையில் ஏதோ கேட்க, இவன், "ஐயா... ஐயா..." என்றான். அதோடு முடிந்துவிட்டது.

எடுத்தேன். அவன் எடுக்கவில்லை. வவுனியாப் பொடியனுக்கு அடிக்க அவன் எடுத்தான். துறைமுகத்தில் பொலிசு அட்டை பார்த்ததாம். அவனுடைய அட்டையில் ஊரை விட்டு வெளியே போகக்கூடாது என்று இருக்கிறது. அடிக்கவில்லையாம், தேத்தண்ணியும் கொடுத்தார்களாம், வாகனத்தில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோனார்களாம். "ஆனா இஞ்சை விடேல்லை அண்ணை. வேறை இடத்துக்கு மாத்திப்போட்டாங்கள். கேற் போட்ட இடம்."

அன்று பின்னேரம் எங்களுக்கு விமானம். தெருவில் மோட்டார் சைக்கிள்கள் திரும்ப ஓடின, பெண்கள் தட்டம் வைத்தார்கள், ஐஸ்கிறீம் கடை திறந்தது. நான் சூட்கேஸ்களை அடுக்கினேன். மிளகாய்த்தூள் சரை காற்சட்டைப் பையில் இருந்தது. மூலை மேசைக் கடையைத் தாண்டிக் கார் போனபோது, கடலுக்கு முதுகு காட்டுகிற கதிரையில் ஒரு வெள்ளைக்காரர் இருந்து இளநீர் குடித்தார். விமானத்தில் சின்யோரா, "முகம் வாடியிருக்கு, ஓய்வு போதேல்லையோ?" என்று கேட்டா. "போதும் சின்யோரா" என்றேன். "அடுத்த வருஷமும் வருவம். பப்பாவுக்கு நல்லாய்ப் பிடிச்சிருக்கு" என்றா.

இதை நான் தம்பிக்குச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். மாற்றின இடத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் கொடுப்பார்கள். முதல் ஞாயிறு அவன் ஓம், ஓம் என்று மட்டும் சொன்னான். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்து கதைக்கிற குரல். அதனால்தான் சொன்னேன். "அடுத்த வருஷமும் வருவினமாம்."

"உண்மையோ அண்ணா?"

"சின்யோராவே சொன்னவ."

"அப்ப இந்த முறை கலண்டரை வடிவாப் பாப்பம்" என்றான். குரல் கொஞ்சம் எழும்பியிருந்தது. "உங்கட கிழவர் ஐயா சுகமா இருக்கோணும். ஐயாவை நல்லாய்ப் பாருங்கோ அண்ணா."

நன்றாய்த்தான் பார்த்தேன். ஆவணி வெயிலில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பல்கனிக் கதவடியில் கதிரையில் இருந்தபடியே கிழவர் போய்விட்டார். சத்தம் ஒன்றும் போடவில்லை. நான் குசினியில் நின்றேன். வந்து பார்த்தபோது வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நான்தான் குளிப்பாட்டி உடுத்திவிட்டேன். பல்லரோ மீன்காரர்கள் பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். மகன் பாலியில் இருந்து வந்து, கடையை விற்றுவிட்டு இங்கேயே வரப்போகிறேன் என்று சொன்னான். சின்யோரா என் கையைப் பிடித்து அழுதா, ஒரு மாதம் தங்கியிரு, வேறு வேலை தேடு என்றா.

இப்போது மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவுகிறேன்.

தம்பிக்கு நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து ஞாயிறுகள் போகின்றன. அங்கே கேற் போட்ட இடத்தில் இருக்கிற ஆட்கள் இரவுச் செபமாலையில் பலெர்மோ ஐயாவுக்கென்று பத்து மணி தனியே உருட்டிச் செபிக்கிறார்களாம். அவன் தொடக்கிவிட்டதாம். சைவப் பொடியன்களும் வந்து இருக்கிறார்களாம்.

போன ஞாயிறும் எடுத்தான். கடைக்குப் பின்னால், குப்பை வாளிகளுக்குப் பக்கத்தில் நின்று கதைத்தேன்.

"ஐயா எப்பிடி அண்ணா?"

"சுகம்."

"சாப்பிடுறாரோ?"

"சாப்பிடுறார். நேற்றுக் கத்தரிக்காயும் பாணும்."

"மகன் பாலிக் கடையிலை நிக்கிறார்தானே?"

"ஓம்."

"கத்துறாரோ இன்னும்?"

"கத்துறார்."

"கத்தட்டும். கத்துற ஆள் கெதியிலை சாகாது. என்னெண்டு கத்துறவர்? ஒருக்காக் கத்திக் காட்டுங்கோவன், இவங்கள் கேக்கோணுமாம்."

அங்கே நாலைந்து பேர் போனைச் சுற்றி நிற்கிற மூச்சுச் சத்தம் கேட்டது. எனக்கு ஆட்களுக்கு முன்னால் பாட்டுக்கூட வராது. குசினிக் கதவு திறந்திருந்தது, உள்ளே தட்டுகள் குவிந்துகொண்டிருந்தன. நான் சுவரோடு ஒட்டி நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, மெல்லச் சொன்னேன்: "உயிர் மீன். உயிர் மீன். வாங்கோ, இன்னும் துடிக்குது."

அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். பிறகு நேரம் முடிந்து லைன் அறுந்தது. உள்ளே இருந்து என்னைக் கூப்பிட்டார்கள், போனேன்.